கேமிங் சவுண்ட் கார்டு வாங்கலாமா, மதர்போர்டு ஆடியோவே போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: பி450 மைக்ரோ ஏ.டி.எக்ஸ். மதர்போர்டு, அதில் ரியல்டெக் ஏ.எல்.சி. 892 ஆடியோ சிப், ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டு, ஹைப்பர்எக்ஸ் கிளவுட் 2 ஹெட்செட். ஹெட்செட்டைக் கேபினட்டின் முன்பக்க ஜாக்கில் செருகி வாலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுகிறீர்கள். ஆட்டம் ஓடும்போது காதில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைச்சல், மவுஸை நகர்த்தினால் கூடவே ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம். நண்பர் சவுண்ட் கார்டு போடச் சொல்கிறார். போட்டால் இரைச்சல் போய்விடும், எதிரியின் காலடி எந்தப் பக்கம் என்று துல்லியமாகத் தெரியும், எஃப்.பி.எஸ். (திரையில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்ணிக்கை) கூடும் என்கிறார். குடியிருப்பது பழைய வாடகை வீடு. கையில் 7,000 ரூபாய் இருக்கிறது, வாங்கலாமா?

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றுக்கும் பதில் வேறு வேறு. நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். ஆம்ப்ளிஃபயர், ஆடியோ போர்டுகளைப் பழுது பார்ப்பதும் அளந்து பார்ப்பதும் பல வருடங்களாக என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் இரைச்சல் நிஜமான பிரச்சினை, அதைத் தீர்க்க முடியும். ஆனால் அதற்குப் பெரும்பாலும் சவுண்ட் கார்டு தேவைப்படாது. காலடி விஷயத்தில் கார்டின் பங்கு மிகக் குறைவு. எஃப்.பி.எஸ். கூடும் என்பது இன்றைக்குப் பொருந்தாத பேச்சு.

எஃப்.பி.எஸ்.ஸை முதலில் முடித்துவிடலாம். நண்பர் சொல்வது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் 1998-இல் வந்தபோது, கேமில் எழும் ஒவ்வொரு சத்தத்தையும் கலப்பது, தூரம் கணக்கிடுவது, எதிரொலி சேர்ப்பது எல்லாவற்றையும் கார்டில் இருந்த சிப்பே செய்தது. பென்டியம் 2 காலத்து சி.பி.யு.வுக்கு அது பெரிய சுமைக் குறைப்பு. அதே காலத்தில் ஆரியல் என்ற நிறுவனம் ஏ3டி என்ற நுட்பத்தைக் கொடுத்தது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியைக்கூடக் கணக்குப் போட்டு, சாதாரண ஹெட்போனில் முன், பின், மேல், கீழ் எல்லாம் காட்டியது. கிரியேட்டிவ் போட்ட வழக்கில் ஆரியல் ஜெயித்தது. ஆனால் வழக்குச் செலவிலேயே நொடித்துப்போனது. 2000-இல் அதன் சொத்துகளைக் கிரியேட்டிவே வாங்கியது. அந்த நுட்பம் தொடர்ந்து வளர்ந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு. 2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது மைக்ரோசாஃப்ட் ஆடியோ அடுக்கையே மாற்றி எழுதியது. கேம்கள் டைரக்ட்சவுண்ட் என்ற விண்டோஸ் வசதி வழியாகக் கார்டின் சிப்புக்கு நேராக வேலை கொடுக்கும் பாதை அதோடு அடைபட்டது. இன்று வைஸ், எஃப்மாட் போன்ற ஆடியோ எஞ்சின்கள் எல்லாக் கலவையையும் சி.பி.யு.விலேயே முடித்து, தயாரான ஒலியைத்தான் விண்டோஸிடம் ஒப்படைக்கின்றன. அது மதர்போர்டு சிப்புக்குப் போனாலும் இருபதாயிரம் ரூபாய்க் கார்டுக்குப் போனாலும் சி.பி.யு. செய்யும் வேலை ஒன்றுதான். அதனால் எஃப்.பி.எஸ். கூடாது.

சரி, இரைச்சலுக்கு வருவோம். ஏ.எல்.சி. 892 பழைய, மலிவான சிப்தான். அதன் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 95 டெசிபலை ஒட்டி இருக்கும். பிறகு வந்த ஏ.எல்.சி. 1220-க்கு 120 டெசிபல், வெளியே வைக்கும் சவுண்ட் பிளாஸ்டர் எக்ஸ் ஜி6-க்கு 130 டெசிபல் என்று விளம்பரம். எண்ணைப் பார்த்தால் பெரிய வித்தியாசம். ஆனால் மின்விசிறியும் கேபினட் ஃபேனும் ஓடும் அறையில் சுற்றுச் சத்தமே 40 டெசிபல் இருக்கும். நீங்கள் கேட்கும் உச்சபட்ச வெடிச் சத்தம் 100 டெசிபல் என்று வைத்துக்கொண்டாலும், உங்கள் காது பயன்படுத்தும் இடைவெளி 60 டெசிபல்தான். 95-ஏ தாராளம். அப்படியானால் இரைச்சல் ஏன் கேட்கிறது? 95 என்பது சிப் தயாரிப்பாளர் தரும் எண். அந்தச் சிப்பை போர்டில் எங்கே வைத்தார்கள், மின்சாரத்தை எப்படி வடிகட்டினார்கள், சிக்னல் எந்த வழியாக உங்கள் ஜாக் வரை போகிறது என்பதெல்லாம் அந்த எண்ணில் வராது. மவுஸை நகர்த்தினால் சத்தம் மாறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிப் மட்டமாக இருந்தால் இரைச்சல் ஒரே சீராக இருக்கும். மவுஸுக்கும் கேமுக்கும் தக்கபடி மாறாது. அது மாறுகிறது என்றாலே வேறு எங்கிருந்தோ வந்து பாதையில் ஏறுகிறது என்று அர்த்தம்.

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். மதர்போர்டின் கீழ் விளிம்பில், இடது மூலையில், ஹெச்.டி. ஆடியோ என்று எழுதிய ஒன்பது ஊசி கனெக்டர் இருக்கும். அதிலிருந்து மெல்லிய வயர்க் கொத்து ஒன்று கிளம்பி, பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் புகுந்து, முன்பக்க யு.எஸ்.பி. வயர்களோடு ஒன்றாகக் கட்டப்பட்டு, முன்பக்க ஜாக் வரை ஏறும். மலிவான கேபினட்களில் அந்த வயருக்கு மேல் கவசப் பின்னல் இருக்காது, இருந்தாலும் பேருக்குத்தான். கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மின்சாரத்தை இழுத்து விடும்போது எழும் அதிர்வும், மவுஸின் யு.எஸ்.பி. போக்குவரத்தும் இந்த வயரிலும் அதன் கிரவுண்டிலும் ஏறிக்கொள்ளும். நான் பார்த்த ‘மதர்போர்டு ஆடியோ சரியில்லை’ புகார்களில் அதிகமானவை இந்த ஒரு வயரில்தான் வந்து முடிந்தன. ஆனால் உங்கள் இயந்திரத்தை நான் பார்க்கவில்லை. அதனால் உங்களுடையதும் இதுதான் என்று சத்தியம் செய்ய முடியாது. நீங்களே கண்டுபிடிக்க வழி சொல்கிறேன், செலவு எதுவும் இல்லை.

முதலில் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு கேமை ஓடவிட்டுக் காதால் கேளுங்கள். கிராபிக்ஸ் கார்டில் உள்ள கம்பிச் சுருளே (காயில்) சில சமயம் ‘கீச்’ என்று கத்தும். அது காற்றில் வரும் சத்தம், ஹெட்செட் வழியாக வருவது அல்ல. அதற்கு எந்தச் சவுண்ட் கார்டும் மருந்து இல்லை. ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் குறையும். அது இல்லை என்றால் விண்டோஸின் சவுண்ட் கண்ட்ரோல் பேனலில் ஸ்பீக்கர் பிராபர்ட்டீஸ் திறந்து, லெவல்ஸ் பக்கத்தில் மைக், லைன் இன் என்று தனி அளவுகள் இருந்தால் இரண்டையும் மியூட் செய்யுங்கள். இவை திறந்திருந்தால் மைக்கின் இரைச்சல் நேராக உங்கள் காதுக்குத் திருப்பி விடப்படும். இது பலர் கண்ணில் படாத இடம். அடுத்து, ஹெட்செட்டை முன்பக்கத்திலிருந்து எடுத்து, பின்னால் போர்டிலேயே இருக்கும் பச்சை ஜாக்கில் செருகிப் பாருங்கள். கேம் மெனுவில் நின்று, எதையும் ஒலிக்க விடாமல், வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மவுஸை ஆட்டிக் கேளுங்கள். இரைச்சல் போய்விட்டது என்றால் குற்றவாளி முன்பக்க வயர். பின்பக்கத்திலிருந்து ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

பின்பக்கத்திலும் வருகிறது என்றால், உங்கள் ஹெட்செட் வந்த பெட்டியைத் தேடி எடுங்கள். கிளவுட் 2-வோடு வால்யூம் பொத்தான்கள் உள்ள சின்ன யு.எஸ்.பி. பெட்டி ஒன்று வரும். நீங்கள் வாங்க நினைக்கும் பொருளின் சிறிய வடிவம்தான் அது. டிஜிட்டலை அனலாகாக்கும் டாக், ஆம்ப், மைக் சர்க்யூட் மூன்றும் அதற்குள்ளேயே இருப்பதால் அதுவும் ஒரு சவுண்ட் கார்டே. அதன் வழியாக ஹெட்செட்டை இணைத்தால் ரியல்டெக் சிப்புக்கு எந்த வேலையும் இல்லை. அதில் உள்ள 7.1 பொத்தானை அணைத்துவிட்டு, பின்பக்க யு.எஸ்.பி. போர்ட்டில் செருகிக் கேளுங்கள். அமைதியாக இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், 7,000 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: உங்கள் ஹெட்செட் யு.எஸ்.பி. வயரிலோ யு.எஸ்.பி. டாங்கிள் உள்ள வயர்லெஸ்ஸிலோ வேலை செய்வது என்றால், கேபினட்டுக்குள் எத்தனை விலைக்குச் சவுண்ட் கார்டு போட்டாலும் அந்த ஹெட்செட்டில் ஒரு துளி மாற்றமும் கேட்காது. ஒலி கார்டைத் தொடாமலே போகிறது. மானிட்டரின் ஹெட்போன் ஜாக்கில் செருகுபவர்களுக்கும் இதே கதைதான், அங்கே ஒலி ஹெச்.டி.எம்.ஐ. வழியாக கிராபிக்ஸ் கார்டிலிருந்து வருகிறது.

யு.எஸ்.பி. பெட்டியிலும் அதே இரைச்சல் என்றால் சந்தேகம் மின்சாரத்தின் பக்கம் திரும்புகிறது. பழைய வாடகை வீடு என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்: கேபினட்டின் பெயிண்ட் இல்லாத ஸ்க்ரூவில் கை படும்போது சுள்ளென்று லேசாக உறுத்துகிறதா? எர்த் வராத சாக்கெட்டில் கம்ப்யூட்டரைப் போட்டால், எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்சாரப் பெட்டியின் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கேபினட் தகடே ஏறக்குறைய பாதி மெயின்ஸ் மின்னழுத்தத்தில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் உறுத்தலோடு நிற்கிறது, ஆனால் ஆடியோவில் ‘ம்ம்ம்’ என்ற முனகலாக ஏறும். எலெக்ட்ரீசியனை அழைத்து அளக்கச் சொல்லுங்கள்: ஃபேஸ் வயருக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. எர்த்தே இல்லாத வீட்டில் சவுண்ட் கார்டுக்கு முன்னால் அதைச் சரிசெய்ய வேண்டும்; இது ஒலிக்காக மட்டும் அல்ல, உயிருக்காக. முனகல் போகிறது என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

இங்கேதான் கேபினட்டுக்குள் போடும் சவுண்ட் கார்டு எனக்கு நெருடுகிறது. இரைச்சல் வருவது கேபினட்டுக்குள் இருக்கும் மின்காந்தக் கூச்சலில் இருந்து. மதர்போர்டின் ஸ்லாட்டில் செருகும் பி.சி.ஐ.இ. கார்டும் அதே கேபினட்டுக்குள், அதே எஸ்.எம்.பி.எஸ். மின்சாரத்தில், கிராபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டுதான் உட்காரப் போகிறது. சவுண்ட் பிளாஸ்டர் ஏ.இ.5 மாதிரி நல்ல கார்டுகள் மின்சாரத்தைத் தனியாக வடிகட்டிக்கொள்கின்றன, அதனால் தப்பித்துவிடும் வாய்ப்பு அதிகம். ஆனாலும் ஹெட்செட்டை அந்தக் கார்டின் ஜாக்கில் செருகாமல், முன்பக்க வயரைக் கொண்டுபோய்க் கார்டில் மாட்டினால் பழைய இரைச்சல் அப்படியே திரும்பி வரும். இன்னொன்று, உங்களுடையது மைக்ரோ ஏ.டி.எக்ஸ். என்ற சிறிய அளவு போர்டு. இரண்டு, இரண்டரை ஸ்லாட் தடிமன் உள்ள கிராபிக்ஸ் கார்டு அடியில் இருக்கும் சின்ன பி.சி.ஐ.இ. ஸ்லாட்டை மறைத்திருக்கிறதா என்று பாருங்கள். இடம் இருந்தாலும் கார்டு அங்கே உட்கார்ந்தால் கிராபிக்ஸ் கார்டின் ஃபேனுக்குக் காற்று குறையும். வாங்கத்தான் வேண்டும் என்றால் கேபினட்டுக்கு வெளியே இருக்கும் யு.எஸ்.பி. டாக்கைத்தான் நான் சொல்வேன். ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்கும் யு.எஸ்.பி. சி ஹெட்போன் அடாப்டரை அளந்து பார்த்தவர்கள் பலர் அதன் சுத்தத்தை மெச்சியிருக்கிறார்கள். ஹெட்செட்டின் மைக்கும் அதில் வேலை செய்யும். அதைவிட விலை கூடியவை வசதிகளைக் கூட்டும். ‘ஸ்ஸ்’ சத்தம் இல்லாமல் இருப்பதற்கு அவ்வளவு செலவு வேண்டாம்.

‘கேமிங் ஹெட்போனை ஓட்ட மதர்போர்டுக்குச் சக்தி போதாது’ என்ற பேச்சையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கிளவுட் 2-வின் மின்தடை 60 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 98 டெசிபல் தரும். ஒரு வோல்ட் கொடுத்தால் 60 ஓமில் 16.7 மில்லிவாட், அதாவது 110 டெசிபல். 100 டெசிபலிலேயே பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனத்தின் வரம்பு. ஆக, மதர்போர்டு தரும் சக்தியே உங்கள் காதைக் கெடுக்கப் போதும். தனி ஆம்ப் நிஜமாகத் தேவைப்படுவது, ஒரு மில்லிவாட்டுக்கு 85 டெசிபல்கூடத் தராத சில பிளேனார் (தட்டையான சவ்வு உள்ள) ஹெட்போன்களுக்கும், 250, 300 ஓம் ஸ்டுடியோ ஹெட்போன்களை அதிக சத்தத்தில் கேட்பவர்களுக்கும்தான்.

அதிகம் பேசப்படாத ஒரு குறை மதர்போர்டு ஜாக்குகளுக்கு உண்டு, அது வெளியீட்டு மின்தடை. சில போர்டுகளின் பின்பக்க ஜாக்கில் பாதுகாப்புக்காக 75 ஓம் ரெசிஸ்டர் தொடரில் இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவர் (ஒலி எழுப்பும் உறுப்பு) உள்ள இயர்போன்களில் மின்தடை சுருதிக்குச் சுருதி மாறும். ஓரிடத்தில் 10 ஓம், இன்னோரிடத்தில் 40 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 ஓம் ஜாக்கில் இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 9 டெசிபலுக்கு மேல் ஏற்ற இறக்கம் வந்துவிடும். அதே இயர்போனை ஒரு ஓம் வெளியீடு உள்ள டாக்கில் போட்டால் அரை டெசிபலை ஒட்டித்தான் வரும். இந்த இரண்டு ஜாக்குகளுக்கும் இடையே காதுக்கு அப்பட்டமாகத் தெரியும் வித்தியாசம் இது. ‘கார்டு போட்டதும் ஒலியே மாறிவிட்டது’ என்று சிலர் சத்தியம் செய்வது பொய்யல்ல, அவர்கள் மாட்டியிருந்தது இப்படிப்பட்ட இயர்போனாக இருக்கலாம். உங்களுடையது ஒற்றை டிரைவர், 60 ஓம், மூடிய ஹெட்செட். அதில் இந்தச் சிக்கல் பெரிதாக எழாது.

கடைசியாகக் காலடிச் சத்தம். எதிரி எங்கே நிற்கிறான் என்பது கேமுக்குத் துல்லியமாகத் தெரியும். வாலரன்ட்டின் ஆடியோ அமைப்புகளில் ஹெச்.ஆர்.டி.எஃப். என்று ஒன்று இருக்கும். தலையும் காது மடலும் ஒலியை எப்படி மாற்றுகின்றன என்ற கணக்கை வைத்து, எதிரியின் இடத்துக்கு ஏற்ப அந்தச் சத்தத்தை இரண்டு காதுக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் அது. கவுண்டர் ஸ்ட்ரைக்கிலும் இது கேமுக்குள்ளேயே உண்டு. சவுண்ட் கார்டின் ‘விர்ச்சுவல் 7.1’ இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் அதன் கைக்கு வருவது எல்லாச் சத்தமும் ஏற்கெனவே கலந்து முடிந்த எட்டுச் சேனல்கள். மாடியில் நடப்பவனா கீழே நடப்பவனா என்ற விவரம் அதற்குள் தொலைந்துபோயிருக்கும். அதைவிட மோசம், கேமின் ஹெச்.ஆர்.டி.எஃப். ஓடும்போது கார்டின் விர்ச்சுவல் சரவுண்டையும் போட்டால் ஒரே கணக்கு இரண்டு முறை நடந்து திசை குழம்பிவிடும். விண்டோஸில் ஸ்டீரியோ, கேமில் ஹெச்.ஆர்.டி.எஃப்., மற்ற எல்லாம் அணைப்பு. இவ்வளவும் உறுதியாகச் சொல்லக்கூடியது.

உறுதியில்லாதது, அது உங்கள் காதுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது. ஹெச்.ஆர்.டி.எஃப். ஒரு சராசரிக் காதை வைத்துச் செய்த கணக்கு. சிலருக்குப் பின்னால் வருபவன் கச்சிதமாகப் பின்னால் கேட்கும், சிலருக்கு முன்னும் பின்னும் மாறும். இரண்டு வாரம் ஆடினால் பலருக்குப் பழகிவிடுகிறது, எல்லோருக்கும் அல்ல. கிரியேட்டிவ் கார்டுகளில் இருக்கும் ஸ்கவுட் மோட் பற்றியும் இரு தரப்பு உண்டு. அது மெல்லிய சத்தங்களைத் தூக்கிக் கொடுக்கிறது, காலடி பளிச்சென்று கேட்கும்தான். ஆனால் மெல்லியதும் பலத்ததும் ஒரே அளவுக்கு வரும்போது, பக்கத்திலா தூரத்திலா என்று கணிப்பது கடினமாகிறது. என் அபிப்பிராயத்தில் லாபத்தைவிட நஷ்டம் அதிகம். இதே மாதிரியான விளைவை விண்டோஸின் லவுட்னஸ் ஈக்வலைசேஷன் இலவசமாகவே தரும். உங்கள் ஆடியோ டிரைவர் மென்பொருளில் அந்த வசதி இருந்தால் ஒரு வாரம் போட்டு ஆடிப் பாருங்கள், அது பிடிக்கவில்லை என்றால் ஸ்கவுட் மோடும் பிடிக்கப் போவதில்லை.

கடையிலோ நண்பர் வீட்டிலோ ஒப்பிட்டுக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டின் வால்யூமையும் சமமாக வைக்காத ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை. அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக்கூட நம் மூளை ‘தெளிவாக இருக்கிறது’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். பல கார்டுகளின் மென்பொருள் அடித்தொனியையும் பளபளப்பையும் தானாகவே கூட்டி வைத்துத்தான் முதல் முறை திறக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

5.1 அனலாக் ஸ்பீக்கர் செட் வைத்திருப்பவர், ஸ்ட்ரீமிங்கில் கேம் ஒலியையும் நண்பர்களின் பேச்சையும் தனித்தனியாகக் கலக்க வேண்டியவர், இவர்களுக்குச் சவுண்ட் கார்டின் வசதிகள் உதவும். பாட்டோ குரலோ பதிவு செய்பவர் கேமிங் கார்டு பக்கமே போகாமல் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை இணைத்துப் பதிவு செய்வதற்கான வெளிப் பெட்டி) வாங்குவது நல்லது. நீங்கள் இந்த மூன்றிலும் இல்லை. அந்த 7,000 ரூபாயைச் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் ஹெட்போனில் போடுங்கள். அறை அமைதியாக இருந்தால் பின்புறம் திறந்த ஹெட்போன் ஒன்றும், மைக்குக்குத் தனியாக ஒரு யு.எஸ்.பி. மைக்கும். ஒலி எங்கிருந்து வருகிறது என்ற உணர்வில், மேலே சொன்ன எந்தக் கார்டையும்விட அது பெரிய மாற்றம் தரும்.

இன்று இரவே பின்பக்க ஜாக், யு.எஸ்.பி. பெட்டி இரண்டையும் சோதித்துவிட்டு எழுதுங்கள். யு.எஸ்.பி. பெட்டியிலும் இரைச்சல் போகவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெயரையும், கேபினட்டைத் தொட்டால் சத்தம் மாறுகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அங்கிருந்து மேற்கொண்டு பார்ப்போம்.